கப்பலிலிருந்து இறங்கியதும் கடலோரமாக ஒரு கார் பயணம்: மகாபலிபுரமா, பாண்டிச்சேரியா, தரங்கம்பாடியா?

2023 ஜூன் கடைசியில் மகன், மருமகளோடு சென்னையிலிருந்து இலங்கைக்குக் கப்பலில் போய்வந்தேன். கோர்டிலியா கப்பல் அந்த வழியில் ஓடத் தொடங்கிய முதல் மாதம் அது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களைத் தொட்டுவிட்டு ஆறாம் நாள் காலை சென்னைக்குத் திரும்பினோம். குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது மணி 11. மகனும் மருமகளும் டாக்சி பிடித்து விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். நான் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன். ராஜாஜி சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதால் வண்டியை ஓரம்கட்ட இடமில்லாமல், கடற்கரை ரயில் நிலையத்துப் பக்கம் என் தோழி அவளுடைய வேகன்-ஆரோடு காத்திருந்தாள்.

அவளும் நானும் கும்பகோணத்தில் படித்தபோது மூன்று வருடம் விடுதியில் ஒரே அறை. இப்போது அவள் திருவான்மியூரில், நான் கோயம்புத்தூரில். 2022இல் அவள் கணவர் தவறியபோது போய் இரண்டு நாள் இருந்தேன். வீடு முழுக்க உறவுக்காரர்கள். அவளோடு தனியாகப் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. அந்தக் குறை மனதில் கிடந்துகொண்டே இருந்தது. கப்பல் சென்னையில்தான் வந்து நிற்கும் என்று தெரிந்ததும், மகனோடு ஊர் திரும்பாமல் இரண்டு நாள் அவளோடு கடலோரமாகப் போய்வருவது என்று முடிவு செய்தது அதனால்தான். அந்த முறை பாண்டிச்சேரி போனோம்.

இப்போது மறுபடி ஒரு கப்பல் பயணம், அதே ஜூன் மாதம். அதுவும் சென்னையில்தான் முடிகிறது. இறங்கியபின் எங்கே போவது என்று ஒரு மாதமாகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஐந்து வழிகளை எடுத்துப் போட்டு அலசினோம். இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நேரம். இதை விட்டுவிட்டுத்தான் பலரும் திட்டம் போடுகிறார்கள். கப்பல் காலையில் 7 மணிக்கே துறையில் நின்றாலும் கையில் பெட்டியோடு தெருவுக்கு வர 10, 11 ஆகிவிடும். வெளிநாடு போய்வந்த கப்பல் என்றால் இன்னும் தாமதம். ஜூனில் 6.30ஐத் தாண்டித்தான் பொழுது சாய்கிறது. என் தோழிக்கு ஒரு கொள்கை: இருட்டினால் ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். அது சரிதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் விளக்கில்லாத மாட்டுவண்டியும் குறுக்கே வரும் இருசக்கர வண்டியும் எங்கிருந்து முளைக்கும் என்று சொல்ல முடியாது. ஆக, முதல் நாள் கையில் இருப்பது ஏழரை மணி நேரம். அதில் சாப்பாடு, டீ, கால் நீட்டுவது எல்லாம் அடங்க வேண்டும். நிற்காமல் ஓட்டினால் பாண்டிச்சேரிக்கு மூன்றரை மணி நேரம், தரங்கம்பாடிக்கு ஆறரை. முதல் கணக்கில் நான்கு மணி நேரம் மிச்சம். இரண்டாவதில் மூச்சு விட நேரமில்லை.

அடுத்தது உடம்பு. ஐந்து நாள் கப்பலில் இருந்தவர்களுக்குத் தரையில் நின்றாலும் தரை ஆடுவதுபோல் இருக்கும். எனக்குக் குளியலறையில் கண்ணை மூடித் தலைக்கு ஊற்றும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும். விசித்திரம் என்னவென்றால், கார் ஓடும்போது அந்த ஆட்டம் தெரியவில்லை, வண்டி நின்றதும் திரும்ப வந்தது. இதனால் இரண்டு விஷயம். இறங்கிய அன்று கப்பலில் வந்தவர் வண்டி ஓட்டக் கூடாது. கோட்டைச் சுவர் ஏறுவது, பாறை ஏறுவது போன்றவற்றை முதல் நாளில் வைக்கக் கூடாது.

வண்டி யாருடையது என்பதும் பெரிய கேள்வி. டாக்சி எடுத்தால் யாருக்கும் அலுப்பில்லை. ஆனால் வெளியூர் டாக்சிக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்கு. பாண்டிச்சேரி போய்வர 320 கிலோமீட்டர்தான் ஓடும், ஆனால் இரண்டு நாளுக்கு 500க்குக் காசு கொடுக்க வேண்டும். டிரைவர் பேட்டா தனி. காசுகூடப் போகட்டும். முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நாம் பேசும் பேச்சே மாறிவிடுகிறது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, பிள்ளைகளைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுவோமே தவிர, மனதில் இருப்பதைப் பேச மாட்டோம். சுற்றிப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் டாக்சியே நல்லது. நெடுநாள் கழித்துச் சந்திக்கும் சிநேகிதர்கள் என்றால் இருவரில் ஒருவர் ஓட்டும் வண்டிதான் வேண்டும்.

இன்னொன்று, போகும் திசை. தெற்கே போகும்போது கடல் இடது பக்கம், அதாவது ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் ஜன்னலில். திரும்பி வடக்கே வரும்போது அது ஓட்டுபவர் பக்கம் போய்விடும். யாருக்குக் கடலைக் காட்ட வேண்டுமோ அவரைப் போகும்போது இடது பக்கம் உட்கார வையுங்கள். அதே சமயம் கடலோரச் சாலை என்றதும் வழி நெடுகக் கடல் தெரியும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் சவுக்குத் தோப்பும் ரிசார்ட் மதில்களும்தான் தெரியும். முட்டுக்காட்டுப் பாலம், மரக்காணத்துக் கழிமுகம் போன்ற சில இடங்களில் மட்டும் சட்டென்று திறந்துகொள்ளும்.

இனி வழிகள். வடக்கே பழவேற்காடு. துறைமுகம் வடசென்னையில் இருப்பதால் வரைபடத்தில் இதுதான் பக்கம், 60 கிலோமீட்டருக்குள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏரி இருக்கிறது. ஆனால் திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் என்று லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டும். பூநாரைகள் வருவது குளிர்காலத்தில். ஜூன் மாதத்தில் அதை எதிர்பார்த்துப் போக முடியாது. ஜனவரியில் இறங்குபவர்கள் யோசிக்கலாம். நாங்கள் உடனே தள்ளிவிட்டோம்.

தனுஷ்கோடியைத் தள்ளுவது அவ்வளவு சுலபமாக இல்லை. உண்மையாகவே இருபுறமும் கடல் தெரியும் சாலை என்றால் தமிழ்நாட்டில் அதுதான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் திறந்த ஒன்பதரை கிலோமீட்டர். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைத் தாண்டிப் போகும் சாலை. ஆனால் சென்னையிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல். ஒருவரே ஓட்டுவது என்றால் இரண்டு நாள் போவதற்கு மட்டும். கப்பலிலிருந்து இறங்கிய களைப்போடு இதைச் சேர்ப்பது கடலையும் ரசிக்க விடாது, நட்பையும் ரசிக்க விடாது. அங்கே போக ஆசையிருந்தால், சென்னையில் ஒரு நாள் தங்கிவிட்டு இரவு ரயிலில் ராமேஸ்வரம் போய் அங்கே ஒரு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது.

மகாபலிபுரம் மட்டும் போய் அன்றே திரும்புவது மூன்றாவது வழி. துறைமுகத்திலிருந்து 65 கிலோமீட்டர். அன்று இரவே விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டியவர்களுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை, நல்ல வழியும்கூட. ஆனால் ஒரு எச்சரிக்கை. சென்னையிலிருந்து இதுவரை கிளம்பிய கப்பல்கள் பெரும்பாலும் மேற்குக் கரையில் மழை பிடிக்கும் ஜூன் முதல் சில மாதங்களில்தான் ஓடியிருக்கின்றன. அந்த மாதங்களில் மதியம் 1 மணிக்கு ஐந்து ரதங்களின் முன்னால் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நிற்க முடியாது. மணலும் கல்லும் கொதிக்கும். வெயில் நேரத்தைத் தட்சிணசித்ராவில் கழியுங்கள். முட்டுக்காட்டுக்கு அருகில், 1996இல் திறந்தது. செட்டிநாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய பழைய வீடுகளின் திண்ணைகளில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. நாலு மணிக்கு மேல் கடற்காற்று ஏறியபின் மகாபலிபுரம் போனால் அர்ச்சுனன் தபசையும் கடற்கரைக் கோயிலையும் நிதானமாகப் பார்க்கலாம். 6 மணிக்குள் பார்த்துவிட வேண்டும். அப்புறம் திரும்பும் வழியெல்லாம் இருட்டு. அதனால் எங்களுக்கு ஒரே நாளில் திரும்பும் திட்டம் ஒத்துவரவில்லை.

நான்காவது பாண்டிச்சேரி. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இதுதான் முன்னால் நிற்கிறது. 2023இல் இதைத்தான் செய்தோம், அதனால் விரிவாகவே சொல்ல முடியும்.

துறைமுகத்திலிருந்து கிளம்பினால் ஊரைத் தாண்டுவதே ஒரு கடலோரப் பயணம்தான். கோட்டையைக் கடந்து நேப்பியர் பாலம் ஏறி இறங்கினால் மெரினா. கலங்கரை விளக்கம், சாந்தோம், அடையாறு, அப்புறம் திருவான்மியூர். அவள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு, என் பெரிய பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, இரண்டு நாள் துணியை ஒரு பையில் எடுத்துக்கொண்டோம். இதைச் செய்யச் சொல்லி எல்லோரிடமும் சொல்வேன். கப்பல் பெட்டியை ஊர் ஊராக இழுக்காதீர்கள்.

உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் வண்டிகள் குறைந்தன. மகாபலிபுரத்தில் நிற்கவில்லை. அதற்குப் பிறகு சாலையை நான்கு வழியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, ஆங்காங்கே மண்ணும் மாற்றுப்பாதையுமாக இருந்தது. கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டைக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். மகாபலிபுரத்துக்கு வரும் கூட்டத்தில் நூறில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை என்று நினைக்கிறேன். செங்கல் மதிலுக்குள் சின்னக் கல்லறைத் தோட்டம், நுணுக்கமாகச் செதுக்கிய கல்லறைப் பலகைகள், மதிலுக்கு அந்தப் பக்கம் மீன்பிடிப் படகுகள். நிழல் உண்டு. ஏற வேண்டியது எதுவும் இல்லை. கால் ஆடும் முதல் நாளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கடப்பாக்கத்துக்கு முன்னால் சாலையோரம் ஒரு பெரியவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினோம். அவர் குலையிலிருந்து ஒரு காயைத் திருகி எடுத்து, அரிவாளால் தலையை ஒரே வெட்டில் சீவி நீட்டினார். மூன்று கண். "அப்படியே கட்டை விரல விட்டு எடும்மா, நோண்டாத" என்றார். கல்லூரி நாளில் செய்ததுதான், கைக்கு மறந்துபோயிருந்தது. என் விரல் பட்டு நீர் தெறித்துப் புடவையெல்லாம் ஆனது. அவளோ ஒரு சொட்டு சிந்தாமல் வழித்தாள். "கோயம்புத்தூருக்குப் போய் எல்லாத்தையும் மறந்துட்டடி" என்று சிரித்தாள். கணவர் போனபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். கடலுக்கும் கழிக்கும் இடையில் கிடக்கும் நிலம். சங்கப் புலவர் நத்தத்தனாரின் ஊர் இந்த நாட்டில்தான் இருந்தது. கோட்டை பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் வசம் இருந்து, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தது. இங்கே நாணயச் சாலையும் இருந்திருக்கிறது. இன்று மிஞ்சியிருப்பது சுண்ணாம்பும் செங்கல்லுமாகச் சில சுவர்கள். அடியில் கழி அகலமாகக் கிடக்கிறது, அதற்கப்பால் ஒரு மணல் திட்டு, அதற்கப்பால் கடல். சுவர்மேல் ஏறிப் பார்த்தால் நன்றாக இருக்குமாம். நான் ஏறவில்லை.

அதற்கப்புறம் மரக்காணம். பாண்டிச்சேரி வழியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்த ஒரு இடமே போதும். சாலைக்கு இருபுறமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கண்ணாடிபோல் நிற்கிறது. நீளக் கம்பில் பலகை கட்டி இழுத்து உப்பை வரப்போரம் சேர்க்கிறார்கள், சேர்ந்த உப்பைக் கூடையில் வாரித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். ஜூன் மாதத்தில் போனால் இதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் போனால் வெறும் தண்ணீர்தான். நாங்கள் போனபோது மணி 4 தாண்டிவிட்டது, பாத்திகளில் ஒன்றிரண்டு பேர்தான் இருந்தார்கள்.

அவள் வண்டியை ஓரம் கட்டினாள், ஆனால் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, என் பக்கம் திரும்பாமல், பேச ஆரம்பித்தாள். கடைசி நாள் சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரியில் காபி கேட்டிருக்கிறார். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் இவள் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். "ஒரு ஸ்பூன் கொடுத்திருக்கலாம்டி. என்ன ஆயிருக்கப் போவுது?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் பேசினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். டாக்சியில் போயிருந்தால் இது நடந்திருக்காது. நிற்க நேரமில்லாத தூரம் போயிருந்தாலும் நடந்திருக்காது.

6 மணிக்குப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தோம். ஊரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா விலைக்கும் தங்கும் இடம் உண்டு. காபி நன்றாக இருக்கும், நடக்க நல்ல தெருக்கள் உண்டு. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை, அந்த நேரத்தில் வயதானவர்களும் பயமில்லாமல் நடக்கலாம். யாராவது எந்த விளக்கமும் இல்லாமல் ஒரே ஒரு பதில் கேட்டால், பாண்டிச்சேரி என்றுதான் சொல்வேன். தூரம், நேரம், வசதி, சாப்பாடு, திரும்பும் பஸ் என்று எல்லாவற்றிலும் அதுவே முதல்.

ஆனால் எங்களுக்கு ஒரு விஷயம் முன்பே தோன்றவில்லை. அவளும் அவள் கணவரும் இருபது வருடமாக, லீவு கிடைத்தபோதெல்லாம் அந்த ஊருக்குத்தான் போயிருக்கிறார்கள். காந்தி சிலையைத் தாண்டி நடக்கும்போது ஒரு இடத்தில் நின்றாள். "இங்கதான் உட்காருவோம்" என்றாள். அதற்குப் பிறகு அன்று இரவு சாப்பிடும்வரை பேச்சில்லை. வழியில் திறந்த மனது ஊருக்குள் போனதும் மூடிக்கொண்டது. அறையில் இரண்டு கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் வடக்கே திரும்பும்போதுதான் கொஞ்சம் தெளிந்தாள். அப்போது கடல் அவள் பக்கம். ஆனால் எதிரே வரும் வண்டிகளைப் பார்க்கவே அவளுக்குக் கண் போதவில்லை.

ஆக, வழியைத் தேர்ந்தெடுத்தபோது சாலையை மட்டும் பார்த்தேன். கூட வருபவளுக்கு அந்த ஊர் என்னவாக இருக்கும் என்று கேட்கவில்லை. இந்த முறை முதலில் அதைக் கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தரங்கம்பாடி போலாமாடி?" என்றாள்.

தரங்கம்பாடி எங்கள் இருவருக்கும் 1986இன் ஊர். விடுதியிலிருந்து அனுமதி வாங்கி, மாயவரம் வந்து பஸ் மாறிப் போனோம். கோட்டைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸை விட இருந்தோம். அவள் வாழ்க்கையில் அவர் வருவதற்கு முந்தைய ஊர் அது.

ஆனால் சாலையாக மட்டும் பார்த்தால் இது பாண்டிச்சேரி வழிக்கு ஈடில்லை. சென்னையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். பாண்டிச்சேரிக்குத் தெற்கே கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று சாலை கடலை விட்டு உள்ளே போய்விடுகிறது. கடல் தெரியவே தெரியாது. பதிலுக்குக் கொள்ளிடம் பாலம் தாண்டியதும் டெல்டா வந்துவிடும். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12இல் திறந்திருந்தால் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் நேரம். உழுத சேற்று வாசனை எங்கள் இருவருக்கும் கடல் காற்றைவிடப் பழக்கமானது. வழியில் பிச்சாவரம் இருக்கிறது, சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போகலாம். கப்பலிலிருந்து வந்த உடனே மறுபடி தண்ணீரா என்று அதை விட்டுவிட்டோம்.

ஊர் சிறியது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை, 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் அச்சடித்த புதிய ஏற்பாட்டின் நினைவு, 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. இவ்வளவையும் அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம். மீதி நேரம் சும்மா உட்காரத்தான். கடைத்தெரு, காபி கிளப் என்று பொழுதுபோக்குத் தேடுபவர்களுக்கு இரண்டாம் நாளே அலுக்கும். தங்கும் இடங்களும் சிலதான் இருக்கின்றன, முன்பே சொல்லி வைக்காமல் போகக் கூடாது.

எனக்கு இன்னொரு சபலமும் இருந்தது. தரங்கம்பாடியிலிருந்து மயிலாடுதுறை பக்கம், அங்கிருந்து மதியம் ஜனசதாப்தி ஏறினால் நேரே கோயம்புத்தூர். சென்னைக்குத் திரும்பும் அலைச்சலே இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் அவள் 280 கிலோமீட்டர் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். இப்படிப் பயணம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வந்து அழைத்துப் போகும் சிநேகிதருக்குத் திரும்பும் வழி என்ன என்று. நான் அவளோடு சென்னை வரை திரும்பி வந்து இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிக்கொள்கிறேன்.

இரண்டு வழிகளையும் வெட்டி ஒட்டிக் கடைசியில் ஒரு திட்டம் வந்தது. இறங்கிய அன்று மகாபலிபுரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். வெயில் நேரம் தட்சிணசித்ரா, சாயங்காலம் கடற்கரைக் கோயில், இரவு அங்கேயே. மறுநாள் காலை 6 மணிக்குத் தெற்கே கிளம்பினால் ஏழரை மணிக்கு மரக்காணம். உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும், போன முறை சாயங்காலம் போனதால் பார்க்காமல் விட்டதை அப்போது பார்க்கலாம். பாண்டிச்சேரியில் நிற்காமல் கடலூர் பக்கம் போய், சிதம்பரத்தில் சாப்பாடு. மகாபலிபுரத்திலிருந்து சுமார் 215 கிலோமீட்டர், மதியம் 2, 3 மணிக்குள் தரங்கம்பாடி. அங்கே இரண்டு இரவு. அதற்கு மறுநாள் ஒரே மூச்சில் சென்னை. ஒரு நாளில் திரும்ப வேண்டியவர்கள் மகாபலிபுரம் போகலாம், இரண்டு நாள் உள்ளவர்கள் பாண்டிச்சேரி போகலாம். எங்களைப்போல் நாலு நாள் ஒதுக்க முடிந்தால் இது.

எனக்கு ஒரு வேலை மட்டும் பாக்கியிருந்தது, அதையும் போன வாரம் முடித்துவிட்டேன். காலாவதியாகிக் கிடந்த என் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்தாயிற்று. இப்போது தினமும் காலையில் மருமகளின் காரில் அவிநாசி சாலை வரை ஓட்டிப் பழகுகிறேன். இரண்டாம் நாள் காலைக்குள் தரை ஆடுவது நின்றிருந்தால், மகாபலிபுரத்திலிருந்து மரக்காணம் வரை நான் ஓட்டுகிறேன். அவள் இடது பக்கம் உட்காரட்டும்.